வாய்க்கா கரையில டப்பா தேட போன் போதுமா, தனி ஜிபிஎஸ் வேணுமா?

ஜியோகேச்சிங் தெரியாதவங்களுக்கு ஒரே வரில சொல்லிடறேன். ஒருத்தர் ஒரு டப்பாவ ஒளிச்சு வெச்சுட்டு அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகை மட்டும் குடுப்பாரு, நாம தேடிப் போய் உள்ள இருக்கற நோட்டுல பேர் எழுதிட்டு டப்பாவ அங்கயே திரும்ப வெச்சுட்டு வரணும், அவ்ளோதான். மாதவரத்துல நாங்க நாலு பேரு, கூட எங்க அக்கா பையன், ஞாயித்துக்கிழமை காலைல இதான் வேலை. கொசப்பூர் போற வழியில, அந்தப் பக்கமெல்லாம் நெல்லு போட்ட காலத்துல தண்ணி பாஞ்ச ஒரு பழைய வாய்க்கா இருக்கு. இப்போ பாதி ஆகாயத்தாமரை, பாதி பிளாஸ்டிக் கவர், ஆனா கரை மேல இன்னும் நடக்கலாம். அங்க ஆளுக்கு ரெண்டு டப்பா நாங்களே வெச்சிக்கிட்டோம். குழி தோண்டி புதைக்கக் கூடாது, ஒரு டப்பாவுக்கும் அடுத்ததுக்கும் குறைஞ்சது 161 மீட்டர் இருக்கணும்னு இந்த ஆட்டத்துல இருக்கற ரூலெல்லாம் அப்படியே.

ரெண்டு வருஷம் போன்லதான் தேடினேன். அப்புறம் ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஈட்ரெக்ஸ் 10 வாங்குனேன், அந்த மஞ்சள் கலர் குட்டி கருவி. ஒரு சீசன் முழுக்க ரெண்டையும் தூக்கிட்டு அலைஞ்சாச்சு. இப்போ மறுபடி போனுக்கே வந்துட்டேன், ஆனா நீங்க நினைக்கற காரணத்துக்கு இல்ல.

துல்லியம் பத்தி ரொம்ப பேச வேணாம். 2000 மே மாசம் அமெரிக்காக்காரன் ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே கலந்து வெச்சிருந்த பிழைய நிறுத்தினான், மறுநாளே டேவ் உல்மர்னு ஒருத்தர் ஓரிகன்ல ஒரு பக்கெட்ட காட்டுல வெச்சு இந்த ஆட்டத்தையே ஆரம்பிச்சாரு. அதுக்கு முன்னாடி நூறு மீட்டர் வரைக்கும் தப்பா காட்டும், எங்கேருந்து தேடறது. இப்போ வெட்டவெளில போனும் சரி கருவியும் சரி அஞ்சு மீட்டர் கிட்ட கொண்டுபோய் விட்டுடும். பாலத்துக்கு அடியில போனா ரெண்டும் சேர்ந்தே உளறும். கடைசி அஞ்சு மீட்டர் எப்படியும் கண்ணுதான்.

கருவிக்கு நல்ல பேர் குடுக்க வேண்டிய இடம் நிறைய இருக்கு, மறைக்க மாட்டேன். ரெண்டு டபுள் ஏ பேட்டரி போட்டா 25 மணி நேரம்னு கம்பெனி சொல்லுது, எங்களுக்கு ஒரு ஜோடி பல ஞாயித்துக்கிழமை வந்துச்சு. மே மாச வெயில்ல போன் சூடாகி ஸ்கிரீன் மங்கிடும், இதுல வெயில் ஏற ஏற எழுத்து தெளிவா தெரியும். தண்ணில விழுந்தாலும் எடுத்து தொடச்சுக்கலாம். அப்புறம் அந்த எண் விஷயம். டப்பா இருக்கற இடத்த டிகிரி, நிமிஷம், நிமிஷத்துக்கு மூணு தசமம்னுதான் குடுப்பாங்க, கருவியும் அதே மாதிரிதான் கேக்கும். அக்கா பையன் ஒரு நாள் போன் மேப்புல 13 டிகிரி 09.450 நிமிஷத்த 9 நிமிஷம் 45 விநாடின்னு அடிச்சுட்டான் (.450 நிமிஷம்னா 27 விநாடிதான்), அரை கிலோமீட்டருக்கு மேல வடக்க தள்ளி ஒரு லாரி ஷெட்டு முன்னாடி நின்னுட்டு "மாமா, டப்பாவ எவனோ தூக்கிட்டான்"னு ஒரே அழுகை.

இவ்ளோ இருந்தும் ஏன் போன்? ஜனங்கதான் காரணம்.

வாய்க்கா கரை நெடுக வீடு இருக்கு. ஓடு, ஷீட்டு, சிலது மாடி கூட. நீர்நிலை ஆக்கிரமிப்புன்னு ஆள் வந்து அளந்துட்டுப் போனா அதுக்கு அப்புறம் என்ன வரும்னு அங்க இருக்கற சின்ன பசங்களுக்கு கூட தெரியும். அந்த எடத்துல நான் தொப்பி போட்டுக்கிட்டு, மஞ்சள் கருவிய நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, பத்தடி நடந்து நின்னு, திரும்பி, எட்டு அடி பின்னாடி வந்து, நோட்டுல எழுதறேன். பாக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அன்னிக்கு தோணவே இல்ல. ஒரு அம்மா கையில பிளாஸ்டிக் கவரோட வெளிய வந்தாங்க, உள்ள ரேஷன் கார்டு, மடிச்சு மடிச்சு கிழிஞ்ச கரண்ட் பில்லு. "இன்னா சார், அளக்க வந்துகிறீங்களா? இந்த வருசம் இடிக்க மாட்டாங்கன்னு சொன்னாங்களே"ன்னாங்க. எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. "இல்லம்மா, டப்பா தேடற விளையாட்டு"ன்னேன், நம்பல. மதகு கல்லு இடுக்குல இருந்த பெருங்காய டப்பாவ எடுத்து தொறந்து, உள்ள இருந்த கோலிகுண்டு, கீச்செயின், சின்ன நோட்டெல்லாம் காமிச்சேன். நோட்டுல இருந்த பேரெல்லாம் ஒவ்வொண்ணா பாத்துட்டு "இதுல எங்க வூட்டு நம்பர் இல்லல்ல?"ன்னு கேட்டுட்டுதான் உள்ள போனாங்க. போயும் கதவ சாத்தல.

அடுத்த வாரம் அதே கரைல போனோட போனேன். ஒருத்தர் திரும்பி பாக்கல. போன பாத்துக்கிட்டே தட்டுத் தடுமாறி நடக்கறவன்தான ஊர் பூரா. அந்த டப்பாவையும் அங்கேருந்து எடுத்து வீடு இல்லாத பக்கமா மாத்திட்டோம், அத முன்னாடியே செஞ்சிருக்கணும்.

காடு மலைன்னு போறவங்களுக்கு இது பொருந்தாம இருக்கலாம், நான் கருவிய மாதவரம் தாண்டி எடுத்துட்டு போனதில்ல. டவர் இல்லாத இடத்துல, மூணு நாள் நடைக்கு, பேட்டரி ஒண்ணுக்காகவே அதத்தான் எடுப்பேன்னு நினைக்கறேன். ஊருக்குள்ள வாய்க்கா கரைன்னா போன், கூட ஒரு பவர் பேங்க், எண்ண அடிச்சதும் ஒரு தடவ சரி பாத்துக்கற பொறுமை.

கருவிய வித்துடலாம்னு ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தர் இதுல யூடியூப் வருமான்னாரு, இன்னொருத்தர் வாங்குன விலையில கால்வாசி சொன்னாரு. டிராயர்ல கிடக்கு. அதோட பேட்டரி ஒண்ணு இப்போ ஹால் கடிகாரத்துல ஓடுது.