ஹஸ்கி பொம்மை: ஒரு வருடத்துக்கு மேல் பார்த்தபின் எழுதுவது

என் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு அவளுடைய அத்தை கொடுத்த பரிசு இது. பஞ்சு அடைத்த சைபீரியன் ஹஸ்கி நாய் (பனியில் சறுக்குவண்டி இழுக்கும் இனம்), ஒரு முழ நீளம். கூடவே சிவப்பு இழுவைப் பட்டை, காலில் மாட்ட நான்கு குட்டி உறைகள், சின்ன மரச் சறுக்குவண்டி, கதை அச்சிட்ட ஓர் அட்டை. பெட்டியில் 'கல்விப் பொம்மை' என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையை எதன் மேல்தான் ஒட்டுவதில்லை என்று அப்போது நினைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பொம்மை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

தரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்கள் பிளாஸ்டிக் இல்லை, நூலால் தைத்தவை. பிய்ந்து வாய்க்குள் போகாது. ஆனால் காலுறைகள் சின்னவை. மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில் அவற்றை எடுத்து வைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அவையே ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன. பட்டையில் இருக்கும் வெல்க்ரோ முடியைப் பிடித்து இழுப்பதால் வயிற்றுப் பக்கம் திரிதிரியாகிவிட்டது. வாலைப் பிடித்துத் தூக்கித் தூக்கி அங்கே தையல் விட்டது, வீட்டிலேயே தைத்துக்கொண்டோம். துவைப்பது குளிர்ந்த நீரில், கையால்தான். உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் பாலியஸ்டர் முடி முறுக்கிக்கொள்ளும். மேலே காய்ந்துவிட்டாலும் உள்ளே பஞ்சு ஈரமாகவே இருக்கும், அவசரப்பட்டு எடுத்துக் கொடுத்தால் நாற்றம் அடிக்கும்.

சரி, கல்விக்கு வருவோம். இந்தப் பொம்மையைச் செய்தவர்கள் உண்மையான நாயை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். வால் மூக்கை மூடும் அளவுக்கு நீளம், மடக்கினால் மடங்குகிறது. பனியில் தூங்கும் ஹஸ்கி அப்படித்தான் சுருண்டு, வாலால் மூக்கைப் போர்த்திக்கொள்ளும். அதை ஒருமுறை செய்து காட்டியதும் கேள்விகள் ஆரம்பித்தன. 'கால் சில்லுனு ஆகாதாப்பா?' பாதத்துக்குப் போகும் சூடான ரத்தக் குழாயும் அங்கிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒட்டினாற்போல் ஓடுகின்றன. போகிற ரத்தம் வருகிற ரத்தத்தைச் சூடாக்கி அனுப்புகிறது. ஆறு வயதுக்கு இது புரியுமா என்று யோசித்தேன். புரிந்தது. முடி விஷயத்தில்தான் பொம்மை தோற்கிறது. உண்மையான ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு முடி: உள்ளே கம்பளி போல அடர்த்தி, வெளியே நீளமான காவல் முடி. பொம்மைக்கு ஒரே அடுக்குதான்.

அவள் தன் மற்ற பொம்மைகளையும் நூலில் கட்டி வண்டி இழுக்க வைத்தாள். அங்கே நான் கொஞ்சம் நுழைந்தேன். முன்னால் போவது வழிகாட்டி நாய், அதற்குப் பலத்தைவிடப் புத்தி முக்கியம். வண்டியை ஒட்டிப் போகிறவை வலுவானவை, முதல் பாரம் அவற்றின் மேல்தான் விழும் என்றேன். உடனே யானை பின்னுக்குப் போனது, முயல் முன்னுக்கு வந்தது. நாயோட்டிகள் கடிவாளம் பிடிப்பதில்லை, குரல்தான். 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது. வலது இடது குழப்பம் இந்த விளையாட்டில் தீர்ந்தது.

அட்டைதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1925இல் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது பால்டோ என்ற நாய் மருந்து கொண்டுவந்து குழந்தைகளைக் காப்பாற்றியதாம். அவ்வளவுதான், கதை முடிந்தது. மகள் கேட்டாள்: 'அவ்ளோ தூரமும் அது ஒண்ணே ஓடுச்சா?' இல்லை. மருந்து ரயிலில் நெனானா என்ற ஊர் வரைதான் வந்தது. அங்கிருந்து நோமுக்குச் சுமார் 1,085 கிலோமீட்டர். கடல் உறைந்து கிடந்தது. ஏறக்குறைய 20 நாயோட்டிகளும் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுசேர்த்தார்கள். மிக நீளமான, ஆபத்தான பகுதியை ஓடியது லியோன்ஹார்ட் செப்பாலாவின் அணி. அந்த அணியின் முன்னால் ஓடியது 12 வயது டோகோ. நாய்க்கு அது கிழப்பருவம். உறைந்த நார்ட்டன் விரிகுடாவின் மேல் அது ஓடியிருக்கிறது. கடைசிப் பகுதியில் குன்னார் காசனின் அணி ஊருக்குள் நுழைந்தது, அதன் முன்னால் பால்டோ. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலையும் வைத்துவிட்டார்கள். பால்டோ ஓடியதும் பனிப்புயலில்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தொடர் ஓட்டத்தைத் தனி ஓட்டமாகச் சொல்வது குழந்தைக்கு எதற்கு? பொம்மைக்கு இப்போது டோகோ என்றுதான் பெயர், அவளே வைத்தது.

அவளிடம் இன்னும் சொல்லாத பகுதியும் உண்டு. 1911இல் நார்வே நாட்டுப் பயணி அமுண்ட்சென் நாய்வண்டிகளில் தென்துருவத்துக்குக் கிளம்பியபோது 52 நாய்கள், திரும்பியவை 11. பெரும்பாலானவற்றைத் திட்டமிட்டே கொன்று உணவாக்கினார்கள். இன்றைய நீண்ட நாய்வண்டிப் பந்தயங்களில் வழியெங்கும் கால்நடை மருத்துவர்கள் இருந்தும் நாய்கள் இறந்திருக்கின்றன, அதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பரிசைக் கொடுப்பவர்கள் இதையும் பேசலாம், பேசவும் வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் ஐந்து முதல் எட்டு வயது சரியாக இருக்கும். பட்டை கழற்றி மாட்டக்கூடியதா, வால் மடங்குகிறதா, கண் தைத்ததா என்று பாருங்கள். அட்டையை விட்டுவிட்டு ஓர் உலக வரைபடம் சேர்த்துக் கொடுங்கள், அலாஸ்காவைத் தேடவே ஒரு மாலை போய்விடும். பேசப் பெரியவர் யாரும் இல்லாத வீட்டில் இது வெறும் பஞ்சு நாய்தான். அப்புறம் ஒரு பக்கவிளைவு: நிஜ ஹஸ்கி வேண்டும் என்று கேட்பார்கள். பந்தயத்தில் ஓடும் நாய் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கலோரி சாப்பிடும், ஓடுவதற்கென்றே வளர்ந்த இனத்தை வீட்டுக்குள் அடைக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். மாதத்துக்கு ஒருமுறை மனு திரும்ப வருகிறது.