லெக்சைல் எண்ணை நம்பி மாணவருக்குப் புத்தகம் கொடுக்கலாமா?

புத்தகத்தையும் மாணவரையும் எண்ணால் பொருத்தும் முறைகளில் பரவலாகப் புழங்குவது லெக்சைல். அமெரிக்காவின் மெட்டாமெட்ரிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. புத்தகத்துக்கு ஓர் எண், படிக்கும் பிள்ளைக்கு ஓர் எண், இரண்டும் ஒரே அளவுகோலில் இருக்கும். வாசிப்புத் தேர்வில் 650எல் (‘எல்’ என்பது லெக்சைலின் சுருக்கம்) வாங்கிய பிள்ளைக்கு 650எல் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கலாம். நூற்றுக்கணக்கான புத்தகங்களை ஒரே மூச்சில் வரிசைப்படுத்த வேண்டிய நூலகருக்கு இதைவிடக் கைகொடுக்கும் கருவி வேறில்லை. ஆனால் அந்த எண் புத்தகத்தின் மேற்பரப்பை மட்டுமே அளக்கிறது. பிள்ளையை அளக்கும் வேலை அதற்குப் பிறகும் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

எண்கள் இரண்டும் பொருந்தினால் பிள்ளைக்கு முழுக்கப் புரியும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. சரியாகப் பொருந்தும் இடத்தில் எதிர்பார்க்கப்படும் புரிதல் 75 சதவீதம். புத்தகம் பிள்ளையின் அளவைவிட 250எல் எளிதாக இருந்தால் அது ஏறத்தாழ 90 சதவீதமாக ஏறும், 250எல் கடினமாக இருந்தால் 50 சதவீதமாக இறங்கும். அதனால்தான் பிள்ளையின் எண்ணுக்கு 100 கீழிருந்து 50 மேல் வரை என்று வீச்சு தருகிறார்கள். 650எல் பிள்ளைக்கு 550 முதல் 700 வரை. இந்த வீச்சுக்குள்ளும் இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் தனியாகப் படிக்க 550 பக்கம் போங்கள். வகுப்பில் நீங்கள் பக்கத்தில் இருந்து சொல் விளக்கும்போது 700 பக்கம் போகலாம், சில நாள் அதைத் தாண்டியும் போகலாம்.

எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அது எங்கே ஏமாற்றும் என்பதும் தெரிந்துவிடும். நூலை ஏறத்தாழ 125 சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டி, வாக்கியம் எவ்வளவு நீளம், சொற்கள் பொதுப் புழக்கத்தில் எவ்வளவு அடிக்கடி வருபவை என்று கணக்கிடுகிறார்கள். அடிப்படை இந்த இரண்டுதான். தொடக்க நிலைப் புத்தகங்களுக்கு மட்டும் எழுத்துக்கூட்டல் கடினம், ஒரே தொடர் திரும்ப வருவது போன்றவற்றைப் பின்னாளில் சேர்த்தார்கள். கதையில் யார் பேசுகிறார், காலம் முன்பின் மாறுகிறதா, சொல்லாமல் விட்டது என்ன, இவற்றுக்கெல்லாம் கணக்கில் இடமில்லை. ஜான் ஸ்டெய்ன்பெக் பெரியவர்களுக்காக எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலில் உரையாடல் அதிகம், வாக்கியங்கள் சின்னவை. இத்தகைய கணக்கீடுகள் அதை இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பட்டையில் கொண்டுபோய் வைத்துவிடுகின்றன. அமெரிக்கப் பொதுப் பாடத்திட்ட ஆவணமே இதை எடுத்துக்காட்டி, ஆசிரியரின் தீர்ப்பும் சேர வேண்டும் என்கிறது.

தலைகீழ்த் தவறும் உண்டு. டைனோசர் பற்றிய சிறுவர் நூலில் ஒரு விலங்கின் பெயர் 40 முறை வரும். பொதுப் புழக்கத்தில் அரிதான சொல் என்பதால் 40 முறையும் அது எண்ணை ஏற்றிவிடும். பிள்ளையோ இரண்டாம் பக்கத்திலேயே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பாள். தகவல் நூல்களின் எண் பயமுறுத்தினால் அரிய சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நாலைந்து சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் துணிந்து கொடுக்கலாம்.

எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளையும் தவறவிடக் கூடாது. ஏடி என்றால் பெரியவர் படித்துக்காட்டப் பொருத்தமானது. படப்புத்தகம் என்று நினைத்துப் பிள்ளையிடம் தனியாக விட்டால் திணறும். ஹெச்எல் என்றால் வயதில் பெரிய, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கானது. பதின்மூன்று வயதுப் பையனிடம் குட்டிக் குழந்தைகளின் புத்தகத்தை நீட்டி அவமானப்படுத்தாமல் இருக்க இந்த இரண்டு எழுத்து உதவும். பிஆர் தொடக்க வாசகருக்கு. அங்கே மட்டும் எண் கூடக்கூட நூல் எளிதாகும், கவனம். ஜிஎன் சித்திரக்கதை. என்பி போட்ட கவிதை, நாடகம் போன்றவற்றுக்கு எண்ணே கிடையாது, அவற்றை நீங்கள்தான் படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பதிப்பித்த புத்தகங்களுக்கு எண் தயாராகக் கிடைத்துவிடும். நீங்களே தயாரித்த வகுப்புத் தாளுக்கு ஃபிளெஷ்–கின்கெய்ட் போன்ற இலவசச் சூத்திரம் போதும். 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காக உருவானது. ஒரு வாக்கியத்துக்குச் சராசரி எத்தனை சொல் என்பதை 0.39 ஆலும், ஒரு சொல்லுக்குச் சராசரி எத்தனை அசை என்பதை 11.8 ஆலும் பெருக்கிக் கூட்டி, 15.59ஐக் கழித்தால் வகுப்பு நிலை. 100 சொல், 8 வாக்கியம், 140 அசை உள்ள ஆங்கிலப் பத்திக்கு 4.875 + 16.52 − 15.59, அதாவது 5.8. இப்போது அதே பத்தியில் சில வரிகளைப் புள்ளிப் பட்டியலாக்கி, முற்றுப்புள்ளி வைக்காமல் விடுங்கள். கருவி 4 வாக்கியம் என்று எண்ணினால் விடை 10.7. ஒரு சொல்லும் மாறாமல் பாடம் ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குத் தாவிவிட்டது! ஆகவே கருவியில் போடுமுன் தலைப்பு, படவிளக்கம், அட்டவணை, பக்க எண் எல்லாவற்றையும் நீக்குங்கள், பட்டியல் வரிகளுக்கு முற்றுப்புள்ளி வையுங்கள், பெயருக்கு முன் வரும் சுருக்கங்களின் புள்ளியை எடுத்துவிடுங்கள். 100 சொல்லை மட்டும் சோதிக்காமல் தொடக்கம், நடு, இறுதி மூன்றிலிருந்தும் ஒவ்வொரு பகுதி எடுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகினால் சராசரியை நம்பாமல் மிகக் கடினமான பகுதியை வைத்து முடிவெடுங்கள்.

எண்ணைக் குறைப்பதற்காக வாக்கியத்தை வெட்டுவது இந்தச் சூத்திரங்கள் தூண்டும் மிகக் கெட்ட பழக்கம். “மழை பெய்ததால் ஆட்டம் நின்றது” என்பதை “மழை பெய்தது. ஆட்டம் நின்றது.” என்று வெட்டினால் கணக்கில் எளிதாகும். காரணத்தைச் சொன்ன ‘ஆல்’ போய்விட்டதால், ஏன் நின்றது என்பதைப் பிள்ளையே ஊகிக்க வேண்டும். திணறும் வாசகருக்கு இதுதான் சுமை.

தமிழ்ப் பாடத்துக்கு இந்த எண்களை அப்படியே பயன்படுத்த வேண்டாம். ‘போகவேண்டியிருந்ததால்’ என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அரை வாக்கியம். ஆங்கில உயிரெழுத்தை வைத்து அசை எண்ணும் கருவியில் தமிழை ஒட்டினால் வரும் விடைக்குப் பொருளே இல்லை.

படித்த புத்தகத்தைப் பற்றி வினாடி வினா வைத்துப் புள்ளி தரும் ஆக்சிலரேட்டட் ரீடர் என்ற பள்ளி வாசிப்புத் திட்டம் பயன்படுத்தும் ஏடிஓஎஸ் என்ற கடின அளவைப் புரிந்துகொள்வது எளிது. 4.5 என்றால் நான்காம் வகுப்பின் ஐந்தாம் மாதம். ஆனால் கூடவே வரும் புள்ளி முறையில் எச்சரிக்கை தேவை. நூல் நிலையோடு 10ஐக் கூட்டி, மொத்தச் சொல் எண்ணிக்கையால் பெருக்கி, ஒரு லட்சத்தால் வகுக்கிறார்கள். 20,000 சொல், 4.5 நிலை என்றால் 2.9 புள்ளி. சூத்திரம் தடித்த புத்தகத்துக்குச் சாதகம் என்பது பார்த்தாலே தெரிகிறது. புள்ளிக்காகப் புத்தகம் தேடத் தொடங்கிய பிள்ளை மெல்லிய, நல்ல புத்தகத்தைத் தொடாது.

காசு செலவில்லாத, ஐந்தே நிமிடம் பிடிக்கும் சோதனைதான் எங்கள் பரிந்துரையில் முதலிடம். கொடுக்கப்போகும் புத்தகத்திலேயே 100 முதல் 150 சொற்களைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லி, நகலில் குறியுங்கள். மாற்றிப் படித்தது, விட்டது, சேர்த்தது, நீங்கள் சொல்லிக்கொடுத்தது ஒவ்வொன்றும் ஒரு பிழை. தானே திருத்திக்கொண்டது பிழை ஆகாது. 120 சொல்லில் 9 இடம் தடுமாறி, மூன்றைத் தானே திருத்தினால் பிழை 6, துல்லியம் 95 சதவீதம். திருத்தியதையும் சேர்த்து 9 என்று எண்ணினால் 92.5 ஆகிவிடும், புத்தகத்தின் தீர்ப்பே மாறும். 95உம் அதற்கு மேலும் என்றால் தனியாகப் படிக்கலாம். 90 முதல் 94 வரை உங்கள் உதவியோடு. 90க்குக் கீழே என்றால் இப்போதைக்கு வேண்டாம். அதோடு நிறுத்தாமல், படித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். கடகடவென்று படித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளை எந்த எண்ணும் காட்டிக்கொடுக்காது.

முன்னறிவு என்ற ஒன்றையும் எண்கள் பார்ப்பதில்லை. 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் நடத்திய பேஸ்பால் ஆய்வில், வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த ஆட்டத்தை அறிந்த மாணவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அந்தப் பகுதியை நன்றாக நினைவுகூர்ந்தார்கள். பிள்ளை உயிராய் நேசிக்கும் விஷயம் பற்றிய புத்தகம் வீச்சுக்கு மேலே இருந்தாலும் தடுக்காதீர்கள்.

லெக்சைலுக்கு எங்கள் மதிப்பீடு ஐந்துக்கு மூன்றரை. அலமாரி நிறையப் புத்தகங்களிலிருந்து பத்தைப் பொறுக்க அருமையான சல்லடை. அந்தப் பத்திலிருந்து ஒன்றைத் தேர்வது உரக்கப் படிக்கும் சோதனையின் வேலை, பிள்ளையின் விருப்பத்தின் வேலை. எண்ணைப் புத்தக முதுகில் வண்ண ஸ்டிக்கராக ஒட்ட வேண்டாம். யார் எந்த நிலை என்று வகுப்பே பார்த்துவிடும். அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கமும் இப்படி ஒட்டுவதை எதிர்க்கிறது. எண் ஆசிரியரின் பதிவேட்டில் இருக்கட்டும், பக்கத்தில் சோதித்த தேதியோடு. இரண்டு மூன்று மாதம் கழிந்த எண்ணை வைத்துப் புத்தகம் கொடுக்குமுன் மறுபடி 100 சொல் படிக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.