ஆவாராவா, ஸ்ரீ 420-ஆ: முதலில் எதைப் பார்ப்பது?

ஏழை, பணக்காரர், நடுவில் ஒரு காதல். இந்த வகைப் பழைய இந்திப் படங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்பார்கள்: 1951-ல் வந்த 'ஆவாரா', 1955-ல் வந்த 'ஸ்ரீ 420'. இரண்டையும் ராஜ் கபூரே இயக்கி நடித்தார். இரண்டிலும் ஜோடி நர்கிஸ், கதை கே.ஏ. அப்பாஸ், இசை சங்கர் ஜெய்கிஷன், பாட்டு ஷைலேந்திராவும் ஹஸ்ரத் ஜெய்ப்பூரியும், ஒளிப்பதிவு ராது கர்மாகர். பாட்டுகளை வைத்து ஏற்றத்தாழ்வு சொல்ல வழியில்லை, இரண்டிலும் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் என் தேர்வு ஸ்ரீ 420. அந்தப் படத்தில் பணம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

முதலில் ஆவாரா. அதில் பணக்காரர் என்றால் நீதிபதி ரகுநாத் (பிருத்விராஜ் கபூர்). திருடன் பிள்ளை திருடன்தான், நல்லவன் பிள்ளை நல்லவன்தான் என்பது அவர் கொள்கை. அதை நம்பியே ஜக்கா என்பவனுக்குத் தண்டனை கொடுக்கிறார். கொள்ளைக்காரனாகிப் பழிவாங்க வரும் ஜக்கா, நீதிபதியின் மனைவியைத் தூக்கிப் போகிறான். அவள் கர்ப்பிணி என்று தெரிந்ததும் வேண்டுமென்றே திருப்பி அனுப்புகிறான். சந்தேகத்தில் கணவர் அவளை வீட்டை விட்டுத் துரத்த, பிறக்கும் ராஜ் சேரியில் வளர்கிறான். துரத்தும் இடத்தில் சீதையைப் பற்றிய பாட்டு ஒன்று ஒலிக்கிறது. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இந்தப் படத்தில் ஒரு காட்சிக்கு ஈடாக ஸ்ரீ 420-ல் எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ராஜ் காதலிக்கும் ரீட்டாவின் (நர்கிஸ்) பிறந்த நாள். அவளை வளர்க்கும் நீதிபதி ஒரு கழுத்து நகை வாங்குகிறார். பரிசு வாங்கக் காசில்லாத ராஜ், யாரென்று தெரியாமல் அவரிடமிருந்தே அதைத் திருடிவிடுகிறான். விழாவில் அவர் நீட்டும் பெட்டி காலி. பெட்டி இல்லாத வெறும் நகை ராஜிடமிருந்து வருகிறது. வசனமே தேவையில்லாமல் ஒரு பெட்டியையும் ஒரு நகையையும் வைத்து இரண்டு வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறார்கள். ஏறக்குறைய 9 நிமிடம் ஓடும் கனவுக் காட்சியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எம்.ஆர். ஆச்ரேகரின் அரங்க அமைப்புக்காக அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் கதையின் உயிர் அந்தக் காலிப் பெட்டியில் இருக்கிறது.

பிறகு ஏன் இரண்டாமிடம்? ராஜ் நீதிபதியின் சொந்த மகன் என்பதால்தான். பிறப்பு ஒருவனைத் தீர்மானிப்பதில்லை, வளரும் இடம்தான் தீர்மானிக்கிறது என்று படம் வாதாடுகிறது. அதற்கு அது காட்டும் சாட்சியில் நீதிபதியின் கொள்கை பாதிதான் உடைகிறது: நல்ல குடும்பத்து ரத்தமும் சேரியில் வளர்ந்தால் திருடப் போகும். திருடன் பெற்ற பிள்ளை நேர்மையாக வாழ்ந்து காட்டும் மறுபாதி திரைக்கு வரவே இல்லை. ஜக்காவே திருடனின் மகன்தான், அவனுக்குக் கிடைத்தது அநியாயத் தண்டனைதான். ஆனாலும் நாம் பார்க்கும்போது அவன் முழு வில்லன். காதலுக்கும் இதே கதி. ரீட்டா ராஜுடன் பள்ளியில் படித்தவள், நீதிபதி வீட்டில் வளர்பவள். ரகசியம் உடைந்ததும் வர்க்கச் சுவர் தானாகவே சரிந்துவிடுகிறது. ஏழையைக் காதலித்த பணக்காரப் பெண்ணாகத் தொடங்கியவள், கடைசியில் பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்காகக் காத்திருப்பவளாகிவிடுகிறாள். தொலைந்த பிள்ளை கிடைக்கும் கதைகள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு.

ஸ்ரீ 420-ல் அந்தக் குறுக்குவழி கிடையாது. பி.ஏ. படித்துவிட்டு அலகாபாத்திலிருந்து பம்பாய்க்கு வரும் ராஜுக்குப் பணக்கார அப்பா யாரும் கிளைமாக்ஸில் காத்திருக்கவில்லை. அவன் முதலில் போகும் இடங்களில் ஒன்று அடகுக்கடை. அங்கே வைப்பது நேர்மைக்காகக் கிடைத்த பதக்கம். வித்யாவை (நர்கிஸ்) சந்திப்பதும் அங்கேதான். அவள் ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். காதல் தொடங்கும்போது இரண்டு பேர் கையிலும் காசு கிடையாது. மழையில் ஒரே குடைக்குள் நிற்கும் பாட்டு அந்தச் சமநிலையில் பிறப்பது. குறுக்கே வர்க்கம் வருவது பின்னால், அதுவும் ராஜ் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு.

அந்தச் சம்பாத்தியத்தைப் படி படியாகக் காட்டுகிறார்கள். சலவைத் துணி கொடுக்கப் போன வீட்டில் மாயா (நாதிரா) அவன் சீட்டுக்கட்டைக் கையாளும் லாவகத்தைக் கவனிக்கிறாள். அவனுக்கு இளவரசன் வேடம் போட்டுச் சூதாட்ட மேசைக்கு அழைத்துப் போகிறாள். அங்கே மோசடிப் பணக்காரர் சேட் சோனாசந்த் தர்மானந்தின் கண் அவன்மேல் விழுகிறது. அடுத்தது திபெத் தங்கம் என்ற பெயரில் பங்கு விற்பனை. கடைசியாக 100 ரூபாய்க்கு வீடு என்ற 'ஜனதா கர்' திட்டம்.

அந்த 100 ரூபாய் யோசித்துப் போட்ட தொகை. நடைபாதையில் படுக்கிறவன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் எட்டிவிடும். ஆயிரம் என்றால் ஆசையே வராது, பத்து என்றால் நம்பிக்கை வராது. தனித்தனியாகச் சின்னப் பணம், ஒன்றாகச் சேர்ந்தால் பெருந்தொகை. வாழைப்பழம் விற்கும் கங்கா மாயி (லலிதா பவார்) போன்றவர்கள் வரிசையில் வந்து நிற்பது சேட்டை நம்பி அல்ல. தங்களோடு நடைபாதையில் படுத்த ராஜை நம்பி. ஏழையின் நம்பிக்கையை வாங்க ஏழையே தேவைப்படுகிறான் என்ற இந்தக் கணக்குதான் படத்தைத் தாங்குகிறது. தலைப்பில் உள்ள எண் ஏமாற்றுக் குற்றத்துக்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்து அது 318 ஆகிவிட்டது. ஆனாலும் 'சரியான ஃபோர்ட்வென்ட்டி' என்று திட்டுவதை நம் ஊரில்கூட யாரும் நிறுத்தவில்லை.

காதல் இந்தக் கணக்கோடு பிணைந்திருப்பதால் பாட்டுகள் அலங்காரமாக நிற்பதில்லை. தீபாவளி விருந்தில் அவமானப்பட்டு வித்யா வெளியேறும்போது, திரும்பிப் பார்க்காதே என்று மாயா பாடுகிறாள். ராஜின் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே அங்கே கதை. பின்னால் கோட்டு சூட்டோடு அவன் பழைய சேரிப் பக்கம் வரும்போது கேட்பது 'ராமய்யா வஸ்தாவய்யா'. இந்திப் பாட்டுக்குள் தெலுங்குப் பல்லவி, பம்பாய் நடைபாதை எந்தெந்த ஊர்க்காரர்களால் நிரம்பியது என்பதற்கு அதுவே அடையாளம்.

குறைகளும் உண்டு. கல்விக்கு வித்யா, மயக்கத்துக்கு மாயா என்று பெயரிலேயே எல்லாவற்றையும் முடிவுகட்டிவிட்டார்கள். நாதிரா மட்டும் நடிப்பால் அந்தச் சட்டகத்தை மீறுகிறார். கடைசி அரை மணி நேரம் பிரசங்கம். மோசடியை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய படம், தீர்வு என்று வரும்போது உழைப்பு, ஒற்றுமை என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போலீஸை வரவழைத்து முடித்துக்கொள்கிறது. 1955-ன் நம்பிக்கை அது. இன்றைக்குப் பார்க்கிறவருக்கு அந்த இடம் தொய்வாகப் படலாம்.

இந்தப் பேச்சில் 1957-ன் 'பியாசா'வும் வந்துவிடும். திரைக்கலை என்று பார்த்தால் மூன்றிலும் அதுதான் உயரம் என்று நினைக்கிறேன். செத்துப்போனதாக நினைக்கப்படும் கவிஞனின் புத்தகம் விற்றுத் தீர்வதும், வசதிக்காகப் பதிப்பாளரை மணந்த மீனாவுக்கு எதிரே செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மானின் குலாபோ நிற்பதும் மறக்க முடியாதவை. ஆனால் அதன் பலம் சாஹிர் லூதியான்வியின் உருது வரிகளில் இருக்கிறது. மொழி தெரியாமல் முதல் படமாகப் பார்த்தால் சோகம் மட்டும்தான் கையில் மிஞ்சும். இசைக்காகவே வருகிறவருக்கு என் வரிசை தலைகீழாகவும் ஆகலாம்.

ஸ்ரீ 420 மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆவாரா வெட்டப்படாத வடிவில் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். நேரம் குறைவாகக் காட்டும் பிரதி என்றால் ஏதோ காட்சி போயிருக்கிறது என்று அர்த்தம். பல பிரதிகளில் வசனத்துக்குச் சப்டைட்டில் இருக்கும், பாட்டு தொடங்கியதும் நின்றுவிடும். ஸ்ரீ 420-ல் அது பெரிய நஷ்டம். நடைபாதையில் மன்னா டே குரலில் ராஜ் பாடும் 'தில் கா ஹால் சுனே தில்வாலா'வுக்குச் சப்டைட்டில் வருகிறதா என்று முதலில் ஓட்டிப் பாருங்கள். வரவில்லையென்றால் வேறு பிரதி தேடுங்கள்.