கடற்கரை நகரங்களை ஒப்பிடும் ஒரு சேவையும் அதன் ஒற்றை மதிப்பெண்ணும்

உலக நகரங்களை அருகருகே நிறுத்தி ஒப்பிட்டுக் காட்டும் இணையச் சேவை ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, பதினோரு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். என் தங்கை பணிபுரியும் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பெர்த், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுமாறு அவளிடம் கூறியிருந்தது. இரண்டையும் பார்த்திராத நாங்கள், பார்த்தவர்கள் சொல்வதைவிட அளந்தவர்கள் சொல்வது நம்பகமாக இருக்கும் என்று எண்ணி இதில் சேர்ந்தோம். சேவையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அதன் குறைகளில் பாதி இவ்வகைச் சேவைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை என்பதும், நான் எழுத வந்தது தொலைதூரக் கடற்கரை நகரங்களை ஒப்பிடுவதில் எது நியாயம் என்பதைப் பற்றியே என்பதும் அதற்குக் காரணங்கள்.

பயன்படுத்துவது எளிது. நான்கு நகரங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். தட்பவெப்பம், வாழ்க்கைச் செலவு, போக்குவரத்து, பாதுகாப்பு, கடல் என்ற ஐந்து தலைப்புகளிலும் நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் வரும், அவற்றையெல்லாம் கூட்டிச் சராசரியாக்கிய ஒரு மொத்த மதிப்பெண் உச்சியில் பெரிய எழுத்தில் நிற்கும். ‘கடற்கரை’ என்ற வடிகட்டியை அழுத்தினால் உள்நாட்டு நகரங்கள் மறைந்துவிடும். ஒரு நகரத்தின் பெயரைக் கொடுத்தால் அதை ஒத்த நகரங்களை அதுவே தேடித் தரும் வசதியும் உண்டு. எழுத்துகள் தெளிவாக உள்ளன, பக்கங்கள் விரைவாகத் திறக்கின்றன, விளம்பரம் இல்லை. இவற்றில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

புகார் அந்தத் தேடலில் தொடங்குகிறது. பெருவின் தலைநகரான லிமாவுக்கு ஒத்த நகரம் எது என்று கேட்டபோது, முதல் வரிசையிலேயே பிரேசிலின் சால்வடோர் வந்தது. கணக்குப்படி பார்த்தால் காரணம் இருக்கத்தான் செய்கிறது: ஒன்று தெற்கு அட்சரேகை 12 பாகையிலும் மற்றொன்று 13 பாகையிலும் உள்ளன, இரண்டும் ஒரே கண்டத்தில் உள்ளன, இரண்டுக்கும் வாசலில் பெருங்கடல். ஆனால் சால்வடோரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லிமாவிலோ பெரும்பாலான ஆண்டுகளில் 20 மில்லிமீட்டர்கூடத் தேறுவதில்லை. லிமாவின் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் ஹம்போல்ட் நீரோட்டமும், அங்கே ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரும், கடலை ஒட்டிய காற்றைக் குளிரவைத்துத் தாழ்வாகவே கிடக்கச் செய்கின்றன. அதன் மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்துவிடுவதால், மழை தரும் உயரத்துக்கு மேகம் எழும்ப முடிவதில்லை. ஜூன் முதல் அக்டோபர் வரை நகரின் மேல் சாம்பல் நிற மேகப்படலம் கவிந்திருக்கும், ‘கரூவா’ எனப்படும் மெல்லிய தூறல் மட்டும் விழும். சால்வடோரின் கடலில் ஓடுவது வெப்ப நீரோட்டம். அங்கே அட்லாண்டிக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து கொட்டுகிறது. ஒப்பீட்டுக்கு அடிப்படையாக அந்தச் சேவை எடுத்துக்கொண்ட கடலே இந்த இரு நகரங்களையும் பிரித்து வைத்திருக்கிறது. லிமாவின் பக்கத்தில் தென்னை மரமும் சூரியனும் சேர்ந்த ஒரு சின்னம் வேறு பொறிக்கப்பட்டிருக்கிறது.

தட்பவெப்ப மதிப்பெண்ணை ஆண்டுச் சராசரி வெப்பநிலையைக் கொண்டு கணக்கிடுவது அடுத்த பிழை. ரஷ்யாவின் விளாடிவோஸ்டாக், ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் இரண்டுக்கும் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ். எனவே சேவையின் கண்ணில் இவை ஏறக்குறைய இரட்டையர். உண்மையில் விளாடிவோஸ்டாக்கின் ஜனவரிச் சராசரி உறைநிலைக்குக் கீழே சுமார் 12 பாகை, ஆகஸ்டில் சுமார் 20 பாகை. ரெய்க்யவிக்கின் ஜனவரி உறைநிலையை ஒட்டியே நிற்கும், கோடையோ 11, 12 பாகையோடு முடிந்துவிடும். முன்னதில் குளிர்காலத்தில் சைபீரிய நிலப்பரப்பிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுவதால், துறைமுகத்துக்குப் பனி உடைக்கும் கப்பல்கள் தேவைப்படுகின்றன. பின்னதை, அது 64 பாகை வடக்கில் இருந்தும், வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் காப்பாற்றுகிறது. விளாடிவோஸ்டாக் இருப்பது 43 பாகையில்தான். பிரான்ஸின் மார்செய் நகரமும் அதே 43 பாகையில்தான் உள்ளது. ஆக, கடற்கரையில் இருப்பது மட்டும் ஒரு நகரத்துக்கு மிதமான காலநிலையைத் தந்துவிடாது. காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசுகிறதா, நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறதா என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அதற்கான கட்டம் அந்த அட்டவணையில் இல்லை.

லிஸ்பனையும் சான் பிரான்சிஸ்கோவையும் உடன்பிறப்புகளாக வருணிக்கும் ஒரு நீண்ட பக்கமும் இச்சேவையில் உண்டு. குன்றுகள், அவற்றின் மேல் ஏறும் டிராம்கள், நீரின் மேல் சிவந்த தொங்குபாலம் என்று படங்கள் அழகாகவே உள்ளன. (1966-இல் திறக்கப்பட்ட லிஸ்பன் பாலத்தைக் கட்டிய அமெரிக்க நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவின் ஓக்லாந்து விரிகுடாப் பாலத்தில் பணியாற்றியது, எல்லோரும் நினைப்பதுபோல் கோல்டன் கேட் பாலத்தில் அன்று.) ஆனால் அந்தப் படங்களை நம்பி மேற்சட்டை இல்லாமல் ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ செல்பவர் நடுங்குவார், அங்கே கோடை மூடுபனியின் காலம், வெயிலுக்குச் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். லிஸ்பனில் ஆகஸ்டு வெயில் சுடும்.

அதே இரு நகரங்களை வேறொரு கேள்வியை முன்வைத்து ஒப்பிட்டிருந்தால் அந்தப் பக்கம் பயனுள்ளதாக இருந்திருக்கும். 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பனும், 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவும் நிலநடுக்கத்தால் சிதைந்தன. இரண்டிலும் அதைத் தொடர்ந்த தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆனால் லிஸ்பனில் கடல் பொங்கி ஊருக்குள் வந்தது, சான் பிரான்சிஸ்கோவில் வரவில்லை. முன்னதில் அட்லாண்டிக்கின் கடலடித் தரை உயர்ந்து தாழ்ந்து நீரைத் தள்ளியது. பின்னதில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன. நிலநடுக்கத்துக்குப் பின் எங்கே ஓடுவது என்ற கேள்விக்கு இந்த வேறுபாடுதான் விடை தரும். சேவையில் இரண்டுக்கும் ‘இயற்கைப் பேரிடர்’ என்ற ஒரே கட்டமும் ஏறத்தாழ ஒரே எண்ணும் உள்ளன.

மக்கள் நெருக்கம் பற்றிய பகுதியைச் சட்டை செய்யாமல் கடந்துவிடலாம். சிட்னிக்கு அது எடுத்துக்கொண்டிருப்பது சுமார் 25 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மைய நகர மன்றத்தின் எல்லையை. பெருநகர சிட்னி என்பது 12,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஷாங்காய்க்கோ வயல்களும் சோங்மிங் தீவும் உள்ளிட்ட 6,340 சதுர கிலோமீட்டர் மாநகராட்சி முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றின் உள்ளங்கையை மற்றொன்றின் உடலோடு ஒப்பிட்ட கணக்கு இது.

வாழ்க்கைச் செலவுப் பகுதியில் நியூயார்க்கை நூறாகக் கொண்டு மற்ற நகரங்களை அளக்கிறார்கள். இது இவர்கள் கண்டுபிடித்த முறையன்று; எகனாமிஸ்ட் புலனாய்வுப் பிரிவு, மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வுகளும் நியூயார்க்கையே அடிப்படையாகக் கொள்கின்றன. ஆனால் மெர்சர் தன் செலவுப் பட்டியல் வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் ஊழியர்களுக்கு நிறுவனங்கள் படித்தொகை நிர்ணயிப்பதற்கானது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. இங்கே அந்தக் குறிப்பு இல்லாததால், நாணய மாற்று விகிதம் சரிந்த நகரம் அங்கேயே சம்பாதித்து அங்கேயே செலவிடுபவருக்கும் மலிந்துவிட்டதைப்போல் தோன்றுகிறது.

‘கடல்’ என்ற தலைப்புதான் எனக்கு மிகுந்த ஆர்வத்தையும் மிகுந்த எரிச்சலையும் தந்தது. கடல்மட்டம் உயர்ந்தால் மூழ்கும் பகுதிகளைச் சிவப்பில் காட்டும் வரைபடம் அதில் உண்டு. நிலத்தின் இன்றைய உயரத்தை மட்டும் கணக்கில் எடுத்து, தொட்டியில் நீர் நிரப்புவதைப்போல் நிரப்பிக் காட்டுகிறார்கள். அதனால் ரோட்டர்டாம் ஏறத்தாழ முழுவதும் சிவந்து கிடக்கிறது. கடலைத் தடுக்கும் கரைகளும், புயலின்போது மூடிக்கொள்ளும் 1997-ஆம் ஆண்டின் மாஸ்லாந்த் தடுப்புக் கதவுகளும் அந்த வரைபடத்துக்குத் தெரியாது. ஸ்டாக்ஹோமில் பனியுகப் பனிப்பாளத்தின் சுமை நீங்கிய நிலம் இன்னமும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலெழுந்துகொண்டிருக்கிறது என்பதும், ஜகார்த்தாவின் வடபகுதியில் சில இடங்கள் ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் அமிழ்ந்துகொண்டிருக்கின்றன என்பதும் அதற்குத் தெரியாது. கடல் எவ்வளவு உயர்கிறது என்பதோடு கரை எவ்வளவு இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்காத கணக்கில், நிலத்தடி நீரை உறிஞ்சித் தன் காலடியைத் தானே தாழ்த்திக்கொள்ளும் நகரமும் அப்படிச் செய்யாத நகரமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஜகார்த்தாவுக்குச் சரியான இணை டோக்கியோ. ஆனால் இன்றைய டோக்கியோ அல்ல. அந்நகரின் கோத்தோ பகுதியில் சில இடங்கள் இருபதாம் நூற்றாண்டில் 4 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தன. 1956-ஆம் ஆண்டின் தொழிற்சாலை நீர்ச் சட்டமும் அதைத் தொடர்ந்த கட்டுப்பாடுகளும் நிலத்தடி நீர் எடுப்பதைக் குறைத்த பின், எழுபதுகளில் அமிழ்வு பெரிதும் தணிந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நகரத்தை இன்றைய ஒரு நகரத்தோடு ஒப்பிடுவது முறைதானா என்று கேட்கலாம். ஒரே நோயின் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் இருவரை ஒப்பிட்டால்தான் மருந்து வேலை செய்ததா என்பது தெரியவரும். ஆனால் சேவையில் ஆண்டைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

எதனால் வகுக்கிறோம் என்பதும் தரவரிசையை மாற்றிவிடும். 136 கடற்கரை நகரங்களின் வெள்ள இழப்பை ஒப்பிட்டு 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பணமதிப்பில் பார்த்தபோது மயாமி, நியூயார்க் போன்றவை முன்னே நின்றன; அதே இழப்பை நகரத்தின் பொருளாதார அளவால் வகுத்தபோது ஈக்வடாரின் குவாயாகில் போன்றவை மேலே வந்தன. இரண்டு பட்டியல்களும் சரியானவையே: ஒன்று காப்பீட்டு நிறுவனத்தின் கேள்விக்கு உரியது, மற்றொன்று இழந்ததை மீண்டும் கட்ட வேண்டியவரின் கேள்விக்கு உரியது. நம் சேவை எதனால் வகுத்தது என்பதை எந்தப் பக்கத்திலும் காணவில்லை.

தங்கையின் இரு நகரங்களுக்கு வருகிறேன். பெர்த்துக்கும் கேப் டவுனுக்கும் இடையே 8,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் கிடக்கிறது. ஆயினும் நான் பார்த்த ஒப்பீடுகளிலேயே மிக நியாயமானது இதுதான். இரண்டும் மத்திய தரைக்கடல் வகைக் காலநிலை கொண்டவை, இரண்டிலும் குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. கேப் டவுனை அதே நாட்டின் டர்பனோடு ஒப்பிட்டால் இவ்வளவு பொருந்தாது. டர்பனில் மழை பெய்வது கோடையில், அதன் கடலும் வெதுவெதுப்பானது. தொலைவு ஒப்பீட்டைக் கெடுப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: குழாயில் தண்ணீர் வருமா? கேப் டவுன் ஏறத்தாழ முற்றிலும் அணைகளை நம்பியிருந்தது. 2015 முதல் 2017 வரை தொடர்ந்த வறட்சியால் அணைகள் வற்றி, 2018 பிப்ரவரியில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தும் நிலை வந்தது. குழாய்களை மூடும் நாளுக்குப் ‘பூஜ்ய நாள்’ என்று பெயரிட்டார்கள், அந்த நாள் வராமல் தப்பித்தார்கள். பெர்த்தின் அணைகளுக்கு வரும் நீர் எழுபதுகளிலிருந்தே வெகுவாகக் குறைந்துவிட்டது. அங்கே நிலத்தடி நீரோடு, 2006-இல் ஒன்றும் 2011-இல் மற்றொன்றுமாகத் திறக்கப்பட்ட, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் சேர்ந்துகொண்டன. ஒரே வகை வானத்தின் கீழ் ஒரு நகரம் படிப்படியாகக் குறைந்த மழைக்கும் மற்றொன்று திடீரென வந்த வறட்சிக்கும் எப்படி முகம் கொடுத்தன என்ற ஒப்பீட்டில்தான் அவளுக்கு வேண்டிய விடை இருந்தது. சேவையின் ஐந்து தலைப்புகளிலும் குடிநீர் இல்லை. இரு நகரங்களுக்கும் மொத்த மதிப்பெண்ணில் இருந்த சிறு வேறுபாட்டை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலவில்லை.

பாராட்ட வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நகரத்துக்கும் மாதவாரியான வெப்பநிலை, மழையளவு, கடல்நீரின் வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்ட மூல அட்டவணையைத் தரவிறக்கிக்கொள்ளலாம். மேலே நான் சொன்ன பிழைகளில் பலவற்றைக் கண்டுகொண்டதே அதைப் பார்த்துத்தான். பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், எளிதில் கண்ணில் படாத இடத்தில் அதற்கான இணைப்பை வைத்திருக்கிறார்கள்.

லிமாவைப் பற்றி வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதினேன். அட்சரேகையையும் கடலிலிருந்து உள்ள தூரத்தையும் கொண்டு வகைப்பாடு தானாகவே நடப்பதாகவும், என் கருத்தைப் பதிவு செய்துகொண்டதாகவும் இரண்டு நாள்களில் பணிவான பதில் வந்தது. சந்தா அடுத்த மாதம் முடிகிறது. மூல அட்டவணைகளுக்குச் சந்தா தேவையில்லை என்று தெரிந்துவிட்டதால் புதுப்பிக்கப்போவதில்லை. இன்று காலை பார்த்தபோது லிமாவின் பக்கத்தில் தென்னையும் சூரியனும் அப்படியேதான் இருந்தன.