கான்செல்லாராவா, டோனி மார்ட்டினா?

சைக்கிள் பந்தயத்தில், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் தனிநபர் நேர ஓட்டத்தில் யார் பெரியவர்? இருவரும் தலா 4 முறை உலக சாம்பியன்கள். சுவிஸ் வீரர் ஃபேபியன் கான்செல்லாரா 2006, 2007, 2009, 2010. ஜெர்மனியின் டோனி மார்ட்டின் 2011, 2012, 2013, 2016.

ஒலிம்பிக்கில் கான்செல்லாராவின் கைதான் ஓங்கியிருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் தங்கம், 35 வயதில் ரியோவில் மறுபடியும் தங்கம். மார்ட்டினுக்கு 2012 லண்டனில் வெள்ளி. போதாததற்கு, கல் பாவிய சாலைகளில் ஓடும் பாரிஸ்-ரூபே போட்டியையும் கான்செல்லாரா 3 முறை வென்றவர். நேர ஓட்டத்தை மட்டும் நம்பிப் பிழைத்தவர் அல்ல.

ஆனாலும் என் மனசு மார்ட்டின் பக்கம்தான் சாய்கிறது. வழுக்காமல் இருக்க உப்புத்தாள் போலச் சொரசொரப்பான இருக்கையில் உட்கார்ந்து, தொடைத்தோல் உரிந்தாலும் அசையாமல் மிதிப்பார். ஸ்பெயினில் பல கட்டங்களாக நடக்கும் வுவெல்டா சைக்கிள் போட்டியில், 2013-ன் 6ஆம் கட்டத்தில் தொடக்கத்திலேயே தனியாகக் கிளம்பி, 170 கி.மீ.க்கு மேல் ஒற்றை ஆளாக ஓட்டினார். காசெரெஸ் ஊரில் எல்லைக்கோடு கண்ணுக்கு எதிரே இருக்கும்போது பின்னால் வந்த வீரர் கூட்டம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. அப்படித் தாண்டி மூன்றாவதாக வந்தவர் வேறு யாருமல்ல, கான்செல்லாரா! அந்தக் கடைசி சில மீட்டர்களை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.