செகண்ட் ஹேண்டில் ஆக்டேவியா ஆர்எஸ் 230: வாங்கி ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்

வேகமான செடான் வேண்டும், அப்பா அம்மா பின்சீட்டில் வசதியாக உட்கார வேண்டும், ஊருக்குப் போகும்போது மொத்தச் சாமானும் டிக்கியில் அடங்க வேண்டும், விலையும் புது நடுத்தர எஸ்யூவி ஒன்றின் விலையைத் தாண்டக் கூடாது. இத்தனையும் வைத்துக்கொண்டு தேடினால் நம் ஊரில் சுற்றிச் சுற்றி ஒரு காரில்தான் வந்து நிற்போம். அது 2017இல் ஸ்கோடா இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்த ஆக்டேவியா ஆர்எஸ் 230. கோயம்புத்தூரில் இருக்கிறேன், தமிழ்நாட்டுப் பதிவு உள்ள 2018 மாடல், ரேஸ் ப்ளூ நிறம், முதல் ஓனரிடம் இருந்து நேரடியாக வாங்கினேன். ஆபீஸுக்கும் அதுதான், வால்பாறைக்கும் அதுதான். வாங்க நினைப்பவர்களுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் காரைப் பற்றி. 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் டிஎஸ்ஜி (இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகவே கியர் மாற்றும் கியர்பாக்ஸ்), முன்சக்கர டிரைவ், 0 முதல் 100 வரை கம்பெனிக் கணக்கில் 6.8 நொடி. புதிதாக வந்தபோது ஷோரூம் விலை 25 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அந்த விலைக்கு இந்த வேகம் கொடுத்த செடான் அப்போது வேறு இல்லை, வந்த கார்களும் கொஞ்சம்தான், சீக்கிரமே விற்றுப்போயின. அப்புறம் 2020இல் ஆர்எஸ் 245 வந்தது, முழுதாக இறக்குமதி, 200 கார் மட்டும், 36 லட்சம். 2025 அக்டோபரில் அடுத்த தலைமுறை வந்தது, 100 கார், 49.99 லட்சம், அதுவும் தீர்ந்துபோனது. பழைய 230இன் விலை ஏன் மற்ற ஸ்கோடாக்கள் போல இறங்குவதில்லை என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. விற்பவரிடம் பேரம் பேசலாம், ஆனால் ரொம்ப மலிவாக ஒரு ஆர்எஸ் கிடைக்கிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த காரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், முக்கால்வாசி இது ஒரு சாதாரண ஆக்டேவியா என்பது. கதவு, கண்ணாடி, ஏசி, ஹெட்லைட் ஸ்விட்ச், ஃபில்டர் என்று அன்றாடம் தேவைப்படும் சாமான்களில் பெரும்பகுதி மற்ற ஆக்டேவியாக்களில் இருப்பதே. எஞ்சின்கூட இஏ888 என்கிற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது, சூப்பர்ப், டிகுவான், கோடியாக் என்று பல கார்களில் இதன் உறவுகள் ஓடுகின்றன. அதனால் கோவையிலும் சென்னையிலும் ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களை மட்டுமே பார்க்கும் தனி மெக்கானிக்குகளுக்கு இது புதிய வண்டியே இல்லை. ஆர்எஸ்ஸுக்கு என்று தனியாக இருப்பவை கொஞ்சம்தான்: டர்போ, கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக், முன்பக்க ஸ்போர்ட்ஸ் சீட், பம்பர்கள். செலவு வைக்கிற இடங்கள் இவைதான், வாங்கும் முன் நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டியதும் இவற்றைத்தான். சீட் தையல் கொஞ்சம் பிரிந்திருக்கிறது, பக்கத்தில் ஒரு கீறல் இருக்கிறது என்பதற்கெல்லாம் நல்ல காரை விட்டுவிடாதீர்கள்.

கியர்பாக்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் டிஎஸ்ஜி என்றாலே பயந்து ஓடுகிறவர்கள் நிறைய. பயத்துக்குக் காரணமான கியர்பாக்ஸ் 1.8 டிஎஸ்ஐ ஆக்டேவியாவில் வந்த ஏழு கியர் டிக்யூ200, அது உலர் கிளட்ச், 250 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது. ஆர்எஸ் 230இல் இருப்பது டிக்யூ250, ஆறு கியர், கிளட்ச் எண்ணெயில் நனைந்தபடியே இருக்கும், சூடும் தேய்மானமும் குறைவு. ஒரே நிபந்தனை, ஒவ்வொரு 60,000 கிலோமீட்டருக்கும் கியர்பாக்ஸ் ஆயிலும் அதன் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். நான் பார்த்த கார்களில் ஒன்று 80,000 தாண்டியும் மாற்றாமல் இருந்தது, ஓனர் "அது லைஃப்டைம் ஆயில்" என்றார். அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் அர்த்தம். டெஸ்ட் டிரைவில் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு டிராஃபிக்கில் முதல் இரண்டு கியர்களில் ஊர்ந்து பாருங்கள், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். உதறலோ தட்டும் சத்தமோ இருக்கக் கூடாது. குளிர்ந்த காரில் இவை எதுவும் தெரியாது, அதனால் அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், காலையில் முதல் ஸ்டார்ட் செய்து பார்க்கவும் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த காரைப் பாருங்கள்.

அடுத்தது ரீமேப். இந்த எஞ்சினில் லேப்டாப்பை மாட்டி சாஃப்ட்வேரை மாற்றினாலே 290, 300 பிஎஸ் வந்துவிடும் என்பதால் சந்தையில் இருக்கிற ஆர்எஸ்களில் தொடாத காரைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. ரீமேப் செய்து ஒழுங்காகப் பராமரித்தவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள், யார் செய்தது, எப்போது, அதற்கப்புறம் ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினார்கள் என்று எல்லாம் வைத்திருப்பார்கள். பிரச்சினை, விற்பதற்கு முன் பழைய சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றிவிட்டு "கம்ப்ளீட் ஸ்டாக்" என்று சொல்லும் ஆட்கள். நான் போய்ப் பார்த்த ஒரு யூஸ்டு கார் கடையில் அப்படித்தான் சொன்னார்கள், ராம்ப்பில் ஏற்றிக் கீழே பார்த்தால் டர்போவில் இருந்து இறங்கும் புகைக்குழாயான டவுன்பைப் மாற்றப்பட்டிருந்தது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரே இல்லை. அதனால் கட்டாயம் ராம்ப்பில் ஏற்றிப் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் காரை இணைக்கும்போது எஞ்சின் சாஃப்ட்வேர் மாற்றப்பட்டது தெரிந்தால் டிடி1 என்ற குறி விழும், அது விழுந்திருக்கிறதா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்கலாம். எல்லா இடத்திலும் சொல்ல மாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

ஓடோமீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. விசிடிஎஸ் மாதிரி ஸ்கேன் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஏபிஎஸ் என்று ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் பழைய ஃபால்ட் கோடுகள் இருந்தால், அந்தக் கோளாறு வந்தபோது கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். மீட்டரில் 45,000 என்று காட்டும் காரில் ஏபிஎஸ் கோடு 70,000இல் பதிவாகியிருந்தால் மேலே பேசவே வேண்டாம்.

இந்த எஞ்சினில் உலகம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்த பலவீனம் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கசிவது. வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் ஹவுசிங்கில் இருக்கும், வெப்பத்தில் வருஷக்கணக்கில் வெந்து வளைந்து கசியும். பெரிதாக ஒழுகாது, இளஞ்சிவப்பு நிறத்தில் காய்ந்த கறை மட்டும் தெரியும், டேங்க்கில் அளவு மெல்ல இறங்கும். நம் ஊர் வெயிலில் இதை விட்டுவைக்கக் கூடாது. என் காரில் முந்தைய ஓனர் ஏற்கெனவே மாற்றி பில்லும் வைத்திருந்தார், அதனாலேயே கேட்ட விலையைப் பெரிதாகக் குறைக்காமல் கொடுத்தேன். மாற்றாத கார் என்றால் அரை லட்சம் ரூபாய் அளவுக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். முந்தைய தலைமுறை இஏ888இல் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் பிரச்சினை இருந்தது உண்மை, இதில் அது சரிசெய்யப்பட்டுவிட்டது, அந்தப் பழைய கதையை வைத்து யாரும் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

சரி, ஓட்டுவது எப்படி? அவிநாசி தாண்டி சேலம் ரோட்டில் லாரியைக் கடக்கும்போது மூன்றாவது கியரில் இது காட்டும் இழுவை, 1,500 ஆர்பிஎம்மிலேயே 350 நியூட்டன் மீட்டர் வந்துவிடுவதால், யோசிக்கவே நேரம் கொடுக்காது. இடைவெளி கிடைத்த நொடியில் கடந்து திரும்ப இடது பக்கம் வந்துவிடலாம். எனக்கு வேகம் என்பது இந்தப் பாதுகாப்புதான். ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கின் துல்லியமும் உடம்பு சாயாத சஸ்பென்ஷனும் சேர்ந்து கொடுக்கிற சந்தோஷம் பெரியது, அங்கே வேகமாகப் போகவே தேவையில்லை, இரண்டாவது கியரில் நிதானமாக ஏறினாலே போதும். முழு வேகம் பார்க்க வேண்டுமா, செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, தனியார் கார்களுக்கு டிராக் நாள் நடத்தும்போது பணம் கட்டிப் போய் ஓட்டுங்கள். பொது ரோட்டில் 230 பிஎஸ்ஸையும் காட்டுவது குற்றம், அவ்வளவுதான். மழையில் முதல் கியரில் வேகமாக மிதித்தால் முன் டயர்கள் சுழலும், ஸ்டீயரிங் கையில் இழுக்கும், 230 பிஎஸ்ஸும் இரண்டு முன்சக்கரங்களுக்குப் போவதன் விலை அது.

சத்தத்தில் கொஞ்சம் குறை. உள்ளே கேட்கும் உறுமலில் ஒரு பகுதி விண்ட்ஷீல்டுக்குக் கீழே வைத்திருக்கும் ஒரு சிறிய கருவி உண்டாக்குவது. டிரைவ் மோடில் இண்டிவிஜுவலுக்குப் போய் அதைக் குறைத்துவைத்தால் உண்மையான எஞ்சின் சத்தம் கேட்கும், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

தினசரி ஓட்டத்தில் சிரமம் என்றால் உயரம். சாதாரண ஆக்டேவியாவை விடவே தாழ்வு, டயரின் பக்கச்சுவரும் குறைவு. எங்கள் பகுதியில் பஞ்சாயத்து அனுமதி இல்லாமல் ஆளாளுக்குப் போட்ட வேகத்தடைகளில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் குறுக்காக ஏற்றித்தான் இறக்க வேண்டும். குழியில் வேகமாக விழுந்தால் டயர் வீங்கும், ரிம் வளையும். கார் பார்க்கும்போது நாலு ரிம்மின் உள்பக்கத்தையும் பாருங்கள், வெளியே பெயின்ட் அடித்து மினுக்கியிருப்பார்கள், உள்ளே வெல்டிங் வைத்த தழும்பு இருக்கும். நல்ல டயர் நாலு மாற்ற அறுபதாயிரத்துக்கு மேல் ஆகும், இதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். மற்றபடி பின்சீட் இடம், பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் 590 லிட்டர் டிக்கி, இரண்டும் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தவை. ஒரு மூட்டை அரிசி, தேங்காய், இரண்டு பெட்டி, மடக்கிய சக்கர நாற்காலி எல்லாம் ஒன்றாகப் போயிருக்கின்றன.

மைலேஜ் ஊருக்குள் எட்டு ஒன்பது, நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் பதிமூன்று, பதினான்கு. டேங்க் 50 லிட்டர். இப்போது பெரிய கேள்வி இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த கார் வடிவமைக்கப்பட்டது இ10 வரைக்கும்தான், பங்க்கில் கிடைப்பதோ 2023இல் தொடங்கி இன்று கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இ20. எத்தனால் கலக்காத எக்ஸ்பி100 என்ற உயர்ரகப் பெட்ரோல் சில பங்க்குகளில் மட்டும் கிடைக்கும், லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கும் மேல் அதிகம். நான் கிடைக்கும்போது அதைப் போடுகிறேன், கிடைக்காதபோது சாதாரண பெட்ரோலில்தான் ஓட்டுகிறேன், காரை வாரக்கணக்கில் நிறுத்திவைக்க நேர்ந்தால் மட்டும் டேங்க்கில் இ20 இருக்காமல் பார்த்துக்கொள்கிறேன். கார் வாங்கியவர்களிடம் கேட்காமலே எரிபொருளை மாற்றிவிட்டு பழைய பெட்ரோலுக்கு வழியும் வைக்காமல் விட்டது எனக்குக் கோபம்தான்.

இதே பணத்துக்குக் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் பிஎம்டபிள்யூ 330i செகண்ட் ஹேண்டில் வருமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வரும், அது 258 பிஎஸ், பின்சக்கர டிரைவ், ஓட்ட இதைவிட நல்ல கார் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் பின்சீட்டில் மூன்று பேர் சிரமம், டிக்கி சின்னது, பம்பர் ஒன்று உடைந்தால் வரும் பில் வேறு உலகம். குடும்பத்துக்கு ஒரே கார் என்றால் ஆர்எஸ்தான். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் 330i வாங்குங்கள்.

கடைசியாகக் காகித வேலை. கர்நாடகா, டெல்லி கார்கள் பார்க்க மலிவாக இருக்கும், இங்கே மறுபதிவு செய்ய என்ஓசி (தடையில்லாச் சான்று), வாழ்நாள் வரி என்று சேரும்போது அந்த மிச்சம் கரைந்துவிடும். 2023 நவம்பரில் இருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு இங்கே வரி 20 சதவீதம், பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறைப்பார்கள் என்றாலும் சின்னத் தொகை இல்லை. அதனால் டிஎன் பதிவுக் காராகப் பாருங்கள். ஆர்சியில் ஹைப்பாத்திகேஷன், அதாவது கார் மீது கடன் இருக்கிற பதிவு, இருந்தால் பேங்க்கின் என்ஓசியும் அந்தப் பதிவை நீக்கும் ஃபார்ம் 35ம் கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றும் ஃபார்ம் 29, 30 இரண்டிலும் உங்கள் கண்முன்னே கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸ் உங்கள் பெயருக்கு மாறிய பிறகுதான் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போங்கள், இந்த வயது கார்களுக்குப் பல கம்பெனிகள் ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் பாலிசி) தருவதில்லை, தருகிற கம்பெனியைத் தேடிக் கண்டுபிடித்து எஞ்சின் பாதுகாப்பையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் மழைத் தண்ணீருக்குள் இந்தத் தாழ்வான காரை ஓட்டி எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஒன்றும் தராது.