வண்டிக்கு பெயிண்ட் அடிக்க கம்ப்ரெஸர் வாங்குகிறீர்களா? ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

அப்பா 1999-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. சிவப்பு வண்டி. வெயிலில் பானட்டும் மேற்கூரையும் வெளிறிப்போய், பின் சக்கரத்துக்கு மேலே துரு பூத்திருந்தது. டிங்கரிங் பட்டறையில் முழு வண்டிக்கு முப்பத்தைந்தாயிரம் கேட்டார்கள். நாமே செய்து பழகிக்கொண்டால் தம்பியின் ஸ்கூட்டருக்கும் ஆகும் என்று 12,500 ரூபாய் கொடுத்து, ஸ்ப்ரே கன்னுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரெஸர் ஒன்று வாங்கினேன். அதில் ஏமாந்தேன். அதே மெஷின் அதே ஸ்டிக்கரோடு இன்றும் விற்பனைக்கு நிற்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றும் தெரியாமல் நான் கடைக்குப் போகவில்லை. வாங்கி வைத்திருந்த ஸ்ப்ரே கன்னின் அட்டைப்பெட்டியில், அதற்கு நிமிடத்துக்கு 200 முதல் 280 லிட்டர் காற்று வேண்டும் என்று போட்டிருந்தது. கடைக்காரர்கள் பேசும் சிஎஃப்எம் கணக்கில், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில், 7 முதல் 10. பம்பு, மோட்டார், கம்ப்ரெஸர் என்றால் கோயம்புத்தூர்தானே என்று அங்கேயே ஒரு மெஷினரி கடைக்குப் போனேன்.

“என்ன வேலைக்குங்க?”

“காருக்கு பெயிண்ட் அடிக்கறதுக்குங்கண்ணா. வீட்டுலயே.”

“அப்ப யோசிக்கவே வேண்டாம் தம்பி, இதைத் தூக்கிட்டுப் போங்க. ரெண்டு எச்பி, இருபத்தஞ்சு லிட்டரு டேங்க், எட்டரை சிஎஃப்எம். முழுக் காரையும் நிக்காம அடிக்கலாம்.”

ஸ்டிக்கரிலும் அதுவே இருந்தது. கன் கேட்பது 7 முதல் 10, இது தருவது எட்டரை. பொருந்துகிறது என்று நினைத்தேன். “பில் போட்டா 18 பர்சென்ட் வரி சேருமுங்க, எஸ்டிமேட்ல போட்டுக்கலாம்” என்றார். சரி என்றேன். இன்றைக்கும் மனசு ஆறாதது அந்த ஒரு ‘சரி’க்குத்தான்.

முதலில் முன்பக்க மட்கார்டுக்கு பிரைமர் அடித்தேன். சின்ன இடம், பிரச்சினை ஒன்றும் தெரியவில்லை. பானட்டுக்கு வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

நான்கு நாள் பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்து, வாட்டர் பேப்பர் போட்டு இழைத்து வைத்திருந்த பானட் அது. முதல் வரிசை ஈரமாக, கண்ணாடி மாதிரி படிந்தது. அடுத்த இரண்டு மூன்று வரிசைகளும் அப்படியே. அதற்கப்புறம் கன்னின் சத்தம் இளைக்க ஆரம்பித்தது. ஒரு சாண் அகலத்துக்கு விரிந்துகொண்டிருந்த பெயிண்ட் நான்கு விரல் அகலத்துக்குச் சுருங்கியது. புகை மாதிரி வந்தது நின்று பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. திரும்பி டேங்கின் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தால் 8 பாரில் இருந்த முள் 4-க்கு வந்திருக்கிறது. முக்கால் நிமிடம்கூட ஆகியிருக்காது.

கையை எடுத்துவிட்டு முள் திரும்ப ஏறும் வரை நின்றேன். ஒன்றரை நிமிடம் ஆனது. அதற்குள் அடித்த இடத்தின் ஓரம் காயத் தொடங்கிவிட்டது. அதன்மேல் மறுபடி அடித்தால் தூளாக ஒட்டுகிறது, தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. இப்படி நின்று நின்று அடித்ததில் மெஷின் இடைவிடாமல் ஓடிக் கொதித்தது. டேங்கில் சேர்ந்த தண்ணீர் ஹோஸ் வழியாக வந்து பானட்டில் குழி குழியாகப் புள்ளி விழுந்தது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் மோட்டாரின் ஓவர்லோடு தட்டி, மொத்தமாக நின்றது.

சூடு ஆறட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன். மோட்டார் மேல் ஒட்டியிருந்த பளபள ஸ்டிக்கரின் ஒரு மூலை சூட்டில் சுருண்டு எழுந்திருந்தது. நகத்தால் நெம்பினேன். பசை இளகியிருந்ததால் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. அடியில் கம்பெனியின் சொந்தத் தகடு. அதில் 750 வாட் என்று அச்சடித்திருந்தது. ஒரு எச்பி என்பது 746 வாட். ரெண்டு எச்பி என்று சொல்லி எனக்கு ஒரு எச்பி மோட்டாரை விற்றிருக்கிறார்கள்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் நண்பர், வயரில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கொண்டுவந்தார். மெஷின் ஓடும்போது 4.4 ஆம்பியர், வோல்டேஜ் 230. பெருக்கினால் அதிகபட்சம் 1,012 வாட். உண்மையான ரெண்டு எச்பி மோட்டார், எந்த நஷ்டமும் இல்லை என்று வைத்தாலும், ஆறரை ஆம்பியருக்குக் கீழே எடுக்கவே முடியாது. நடப்பில் எட்டு, ஒன்பதுக்கு மேல் போகும்.

அப்புறம் காற்றை அளந்தேன். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். டேங்கைக் காலி செய்து, வெளியே போகும் வால்வை மூடிவிட்டு மெஷினைப் போட வேண்டும். 25 லிட்டர் டேங்க் 8 பாருக்கு ஏறினால் உள்ளே போனது 25 பெருக்கல் 8, அதாவது 200 லிட்டர் காற்று. எனக்கு 2 நிமிடம் 18 விநாடி ஆனது. நிமிடத்துக்கு 87 லிட்டர். சிஎஃப்எம்மில் மூன்று. பெயிண்ட் அடிக்கும்போது முள் நிற்கும் 4 பாரிலிருந்து 6 பாருக்கு மட்டும் எடுத்துப் பார்த்தால், 50 லிட்டர் ஏற 38 விநாடி. நிமிடத்துக்கு 79 லிட்டர்தான். டேங்கில் இருப்பது சூடான காற்று என்பதால் உண்மை அளவு இதைவிடவும் கொஞ்சம் குறைவு. ஸ்டிக்கரில் இருந்ததோ எட்டரை.

கடைக்குத் திரும்பப் போனேன். முதலில் “உங்க வீட்டுல வோல்டேஜ் கம்மியா இருக்கும்” என்றார். மீட்டரின் போட்டோவைக் காட்டினேன். “தின்னர் கலந்தது சரியில்லீங்க, பழகாத கை வேற.” உரித்தெடுத்த ஸ்டிக்கரை மேஜைமேல் வைத்தேன். அதற்குப் பதிலே இல்லை. “ஓட்டின பொருளைத் திரும்ப எடுக்க முடியாதுங்க தம்பி. வேணும்னா நாலாயிரத்துக்கு எடுத்துக்கறேன், மேல போட்டுப் பெரிசு வாங்கிக்கங்க.” வாரண்டி கார்டில் சீல் இல்லை. எஸ்டிமேட் சீட்டில் கடைப் பெயரும் இல்லை, மாடலும் இல்லை; ‘கம்ப்ரெஸர் 1’ என்பதோடு சரி.

எங்கள் ஊர்ப் பட்டறையில் முப்பது வருஷமாக பெயிண்ட் அடிக்கும் அண்ணன் ஒருவரிடம் மெஷினைக் காட்டினேன். அவர் சொன்னதில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “தொட்டி எத்தன பெருசா இருந்து என்ன பண்றது தம்பி? போர்ல தண்ணி நூலாட்டம் வந்தா, தொட்டி காலியான பிற்பாடு நூலாட்டந்தான் வரும்.” டேங்க் லிட்டர் என்பது சேமிப்பு மட்டுமே. கன் ஓட ஓடக் காற்றை ஊற்றுவது பம்ப். அந்தப் பம்ப் நிமிடத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அந்த எண்ணிலும் ஒரு சூது இருக்கிறது. பெரும்பாலும் ஸ்டிக்கரில் பெரிதாகப் போடுவது பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட். சிலிண்டரின் கொள்ளளவை பிஸ்டன் நிமிடத்துக்கு எத்தனை முறை ஓடுகிறதோ அதனால் பெருக்கி வரும் ஏட்டுக் கணக்கு அது. உண்மையில் வெளியே வரும் காற்றுக்குப் பெயர் ஃப்ரீ ஏர் டெலிவரி. சின்ன மெஷின்களில் அது முதல் எண்ணில் முக்கால் பங்கு வந்தாலே நல்ல பம்ப். எத்தனை பாரில் அளந்தது என்பதையும் கேளுங்கள்; அழுத்தம் கூடக் கூட அளவு குறையும். தோராயமாக ஒரு எச்பிக்கு 3 முதல் 4 சிஎஃப்எம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு எச்பிக்கு எட்டரை என்று சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஸ்டாப்வாட்ச் கணக்கை அங்கேயே போடுங்கள், மூன்று நிமிட வேலை. மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். மோட்டாரில் கம்பெனித் தகடு இருக்கிறதா, அதன்மேல் வேறு எதையாவது ஒட்டியிருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீறி வெளியேற வேண்டும்; வராத மெஷினை வீட்டுக்குள் வைப்பது ஆபத்து.

கார் பானட், கதவு மாதிரிப் பெரிய பரப்புக்கு, நேரடியாக மோட்டாரில் கோத்த சின்ன ஆயில் ஃப்ரீ மெஷின்கள் ஒத்துவராது என்பது என் முடிவு. நிதானமாக ஓடும் பெல்ட் டிரைவ் மெஷின், மூன்று எச்பி அளவில் இருந்தால்தான் அந்தக் கன்னுக்குத் தாங்கும். அதற்கு வீட்டில் தனி லைன் இழுக்க வேண்டியிருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். இருப்பது சின்ன மெஷின்தான் என்றால் 0.8 மில்லிமீட்டர் நாசில் உள்ள மினி கன் வாங்கி மட்கார்டு, கண்ணாடிக் கூடு, பைக் டேங்க் மாதிரிச் சின்ன வேலைகளை முடிக்கலாம். எதுவானாலும் சுருள் ஹோஸ் வேண்டாம், அந்த மெல்லிய குழாயிலேயே அழுத்தம் விழுகிறது. கன்னுக்கு முன்னால், காற்றில் வரும் தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர் கட்டாயம். வேலை முடிந்ததும் டேங்க் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெஷினோடு அந்தக் கடைக்காரர் ஒரு துணி மாஸ்க் இலவசமாகக் கொடுத்து, “இது போதும்” என்றார். போதாது. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அந்தப் புகை நுரையீரலில் சேர்ந்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு திணறும். துணி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடியோடு பட்டறையில் அடிப்பதுதான் சரி. குழந்தைகள் இருக்கும் வீட்டின் போர்டிகோவில் அந்த பெயிண்டைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

கடைசியாக, பில். வரியோடு சேர்த்து வாங்குங்கள். மாடல் எண், எச்பி, அவர்கள் வாயால் சொல்லும் சிஎஃப்எம், மூன்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். என்னிடம் பில் இல்லாவிட்டாலும் செல்போனில் பணம் அனுப்பிய பதிவும், வாங்குவதற்கு முன் கடைக்காரர் வாட்ஸப்பில் அனுப்பிய ஸ்டிக்கர் படமும் இருந்தன. அவற்றை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மெஷினையும் உரித்த ஸ்டிக்கரையும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.

பானட்டைக் கழற்றி அந்தப் பட்டறை அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். நான் அடித்ததை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, அவருடைய பெல்ட் மெஷினில் பத்து நிமிடத்தில் ஒரே மூச்சில் அடித்து முடித்தார். கதவு நான்கையும் அடுத்த வாரம் கழற்றிக் கொண்டுபோகிறேன்.